நெல் உலர்த்தும் யந்திரங்களும் பேடெண்டு உரிமையும்

குறுவை அறுப்பும் ஐப்பசி மழையும் ஒன்றையொன்று நெருக்குவது காவிரிப் பாசன ஜில்லாக்களில் புதிய சங்கதியன்று. அறுப்பின் வேகமே புதிது. ஆள் வைத்து அரிந்த காலத்தில், அரி வயலிலே ஒரு பகலேனும் கிடந்து காய்ந்து, பிறகு கட்டாகிக் களத்துக்கு வந்து, அடித்துத் தூற்றி மூட்டையாகும் வரையில் நெல்லிலுள்ள ஈரம் தானே கொஞ்சங் கொஞ்சமாய்க் குறைந்து வந்தது. அறுவடை யந்திரமோ காலையில் வயலில் இறங்கினால் பொழுது சாய்வதற்குள் ஏக்கர் கணக்கான பச்சை நெல்லைக் கொட்டிவிடுகிறது. அந்நெல்லின் ஈரம் நூற்றுக்கு 20 முதல் 24 வரை இருப்பது சாதாரணம். நேரடிக் கொள்முதல் நிலையங்களுக்கு விதிக்கப்பட்ட அளவோ நூற்றுக்கு 17. மழையை முன்னிட்டு, 2022 ஆம் வருஷம் அக்டோபரில் செய்ததுபோல, மத்திய சர்க்கார் சில சமயங்களில் அதை 19 வரை தளர்த்துவதுண்டு. ஆனால் உத்தரவு வருமளவும் குவியலிலுள்ள நெல் காத்திராது. ஈர நெல்லைக் குவித்து வைத்தால் இரண்டொரு நாளில் உள்ளே சூடேறும், அரிசி பழுப்பேறும், மழை நனைத்த பக்கம் முளை காணும். தார் ரோட்டின் ஓரத்தில் தார்ப்பாய் போர்த்திய நெற்குவியல்களுக்குக் காவலிருக்கும் விவசாயிகளுக்கு இதை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த இடுக்கணைக் கண்டே, உலர்த்தும் யந்திரங்களை விற்பவர்கள் கிராமங்களை நாடி வருகிறார்கள். வருவது நல்லதே. ஆனால் அவர்கள் கொண்டுவரும் விளம்பரத் தாள்களில் "பேடெண்டு பெற்றது" என்னும் வாசகம் பெரிய எழுத்தில் இருப்பதும், அதைக் கண்ட மாத்திரத்தில் விவசாயிகளிற் பலர் "சர்க்காரே பார்த்து முத்திரை போட்ட யந்திரம்" என்று எண்ணிக் கூடுதல் விலைக்குச் சம்மதிப்பதும் கவனிக்கத்தக்கவை. கூட்டாகப் பணம் திரட்டி யந்திரம் வாங்கக் கருதும் உழவர் சங்கங்களும், அவற்றுக்கு யோசனை சொல்ல நேரும் கிராம அதிகாரிகளும் இந்த ஒரு விஷயத்திலாவது தெளிவு பெறுதல் அவசியம். இக்காலத்தில் காப்புரிமை என்றும் வழங்கும் பேடெண்டு, ஒரு யந்திரம் புதியது என்பதற்குச் சாட்சியே தவிர, நல்லது என்பதற்குச் சாட்சியன்று.

இந்தியாவில் இவ்வுரிமைக்கு முதல் முதல் சட்டம் ஏற்பட்டது 1856 ஆம் வருஷத்தில். அவ்வருஷம் மார்ச்சு 3 ஆம் தேதி கல்கத்தாவிலிருந்த எஞ்சினீயர் ஜார்ஜ் ஆல்ஃபிரட் டி பென்னிங் என்பவர் முதல் மனுவைக் கொடுத்தார். அவர் உரிமை கோரியது பங்கா இழுக்கும் யந்திரம் ஒன்றுக்கு. மின்சார விசிறி வந்த பிறகு பங்காவும் போயிற்று, அதை இழுக்கும் யந்திரத்தைத் தேடுவாரும் இல்லை. இப்பொழுது அமலிலிருப்பது பல திருத்தங்கள் பெற்ற 1970 ஆம் வருஷத்துச் சட்டம். அதன்படி, புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தவர் அதன் அமைப்பையும் வேலை செய்யும் விதத்தையும் ஒளிவு மறைவின்றி எழுதிக் கொடுத்தால், மனுச் செய்த நாளிலிருந்து 20 வருஷம் வரையில் அவருடைய அனுமதியின்றிப் பிறர் அதைச் செய்யவோ, விற்கவோ, உபயோகிக்கவோ கூடாதென்று தடுக்கும் உரிமை அவருக்குக் கிடைக்கிறது. தவணை முடிந்த பின் அது ஊர்ப் பொது. மனுவைப் பரிசீலிக்கும் அதிகாரி பார்ப்பது மூன்று சங்கதிகளே: இது முன்பே எங்கேனும் வெளிவந்ததா, அத்துறையில் தேர்ந்தவனுக்கு எளிதில் தோன்றக் கூடியதா, தொழிலில் செய்யவோ பயன்படுத்தவோ முடியுமா என்பவை. ஒரு மணிக்கு எத்தனை மூட்டை உலரும், உமி எவ்வளவு செலவாகும், அரிசி எவ்வளவு நொறுங்கும் என்பவற்றை அவர் அளந்து பார்ப்பதில்லை. அது அவருடைய வேலையுமன்று.

உலர்த்தும் யந்திரங்களின் சரித்திரத்தில் பேடெண்டு நல்ல வழியில் வேலை செய்ததற்கும் உதாரணம் இருக்கிறது. அதைச் சற்று விரித்துச் சொல்வது தகும். ஏனெனில் இன்று நெல்லுக்கு வரும் யந்திரங்களின் உயிர்நிலையான பாகம் அதிலிருந்து கிளைத்ததே. அயர்லாந்தில் பிறந்த ஸாமுவேல் கிளீலண்ட் டேவிட்ஸன் என்பவர் 1864 ஆம் வருஷத்தில், இளம் வயதில், கச்சார் பிரதேசத்துத் தேயிலைத் தோட்டமொன்றுக்கு வேலைக்கு வந்தார். அக்காலத்தில் பக்குவப்பட்ட தேயிலையைக் கரி நெருப்பின்மேல் மூங்கில் தட்டுகளில் பரப்பி உலர்த்துவதே வழக்கம். ஒரு தட்டில் தீயும், மற்றொன்றில் ஈரம் நிற்கும். புகை நாற்றம் எல்லாவற்றிலும் ஏறும். டேவிட்ஸன் நெருப்பை ஒரு புறமும் இலையை ஒரு புறமும் பிரித்து, அடுப்பினால் சூடாக்கப்பட்ட சுத்தமான காற்றை மட்டும் தட்டுகளினூடே ஏறச் செய்யும் யந்திரத்தை அமைத்து, 1870 களில் பேடெண்டு பெற்றார். 1881 இல் பெல்ஃபாஸ்ட் நகரில் தொழிற்சாலை தொடங்கினார். ஸஹாராப் பாலைவனத்திலிருந்து வீசும் உஷ்ணக் காற்றின் பெயரான "ஸிரோக்கோ" என்பதே அவருடைய யந்திரங்களுக்கும் பெயராயிற்று. அவை பிற்பாடு இந்தியாவிலும் இலங்கையிலுமிருந்த மலைத்தோட்டங்களுக்கெல்லாம் சென்றன. இலங்கை மலைநாட்டிலும் நீலகிரி, ஆனைமலைப் பகுதிகளிலும் அத்தகைய யந்திரங்களின் எதிரே நின்று வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்.

டேவிட்ஸன் அதோடு நிற்கவில்லை. உஷ்ணம் மட்டும் இருந்தால் போதாது, காற்று வேண்டிய அளவில் ஓடவும் வேண்டும் என்பதை அவர் அனுபவத்தில் கண்டார். 1890 களின் இறுதியில், ஒரு பீப்பாயின் சுற்றில் குறுகிய தகடுகளை நெருக்கமாய் நிறுத்தி, அவை சுழலும் திசையிலேயே முன்னோக்கி வளைத்து ஒரு காற்றூது விசிறி செய்தார். சிறிய உருவில் மிகுந்த காற்றைத் தள்ளக்கூடிய அவ்விசிறி தேயிலையை விட்டுச் சுரங்கங்களுக்கும் கப்பல்களுக்கும் போயிற்று. அதன் பேடெண்டுத் தவணை முடிந்து ஒரு நூற்றாண்டு ஆகிறது. இன்று குளிர்சாதனப் பெட்டியின் உள்ளே சுழல்வதும், பட்டறைக்காரர்கள் "புளோயர்" என்று செய்து விற்பவற்றில் ஒரு வகையும் அவ்வமைப்பே. ஒருவர் எழுதிக் கொடுத்த இரகசியம், தவணை தீர்ந்ததும் உலகத்துக்குச் சொந்தமாயிற்று.

தேயிலைக்குத் தகுந்தது நெல்லுக்கு அப்படியே தகாது. தேயிலை மெல்லியது; காற்று பட்டால் ஈரத்தை உடனே விட்டுவிடும். நெல்மணியிலோ மேலே உமி, உள்ளே கெட்டியான அரிசி. மேற்புறம் விரைவில் உலர்ந்து, நடுவிலுள்ள ஈரம் வெளிவர நேரமில்லாமற் போனால் அரிசியில் குறுக்கே கீறல் விழும். அது களத்தில் தெரியாது. ஆலையில் நொய்யாகத் தெரியும். ஆகையால் நெல்லை ஒரே மூச்சில் உலர்த்தாமல், சிறிது உலர்த்திச் சில மணி நேரம் ஆறவைத்து, உள்ளீரம் மேலே பரவிய பின் மறுபடி உலர்த்த வேண்டும். 1940 களின் இறுதியில் அமெரிக்காவின் லூயிஸியானா ஸர்வகலாசாலையில் உருவான உயரமான பெட்டி யந்திரம் இத்தத்துவத்தை அனுசரித்தது. கவிழ்த்த ஓடுகளைப் போன்ற குழாய்கள் அடுக்கடுக்காய்க் குறுக்கே அமைந்திருக்க, நெல் அவற்றினிடையே வளைந்து வளைந்து தன் பாரத்தினாலேயே இறங்கும். ஒரு வரிசைக் குழாயில் சூடான காற்று நுழைந்து அடுத்த வரிசையால் வெளியேறும். நம் நாட்டு நவீன அரிசி ஆலைகளில் "எல்.எஸ்.யூ." என்று வழங்குவது இதுவே. பச்சை நெல்லுக்குச் சுமார் 60 டிகிரியும், புழுங்கல் நெல்லுக்கு அதனினும் அதிகமும் காற்றின் உஷ்ணம் கொள்வது வழக்கம். அமைப்பு முக்கால் நூற்றாண்டு பழையது. இதைச் செய்ய எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை.

புழுங்கல் என்றவுடன் சொல்ல வேண்டிய வேடிக்கை ஒன்றுண்டு. நெல்லை ஊறவைத்து, அவித்து, உலர்த்திக் குத்துவது நம் வீடுகளில் எத்தனை தலைமுறையாகவோ நடந்து வருவது. அதே தத்துவத்தை அடிப்படையாகக் கொண்டு, எரிக் ஹூஸன்லாப் என்பவர் காற்று நீக்கிய பாத்திரத்தில் நெல்லை வைத்து, அழுத்தத்தில் வெந்நீர் ஊட்டி, நீராவி கொடுத்து உலர்த்தும் முறைக்கு மேனாட்டில் பேடெண்டுகள் பெற்றார். அவ்வரிசி இரண்டாம் உலக யுத்தகாலத்தில் அமெரிக்கப் படைகளுக்குப் போயிற்று. பின்பு கடைச் சரக்காகப் பெரும் பெயர் பெற்றது. நம் பாட்டிமாரின் அண்டா அதனால் எவ்விதத்திலும் தடைப்படவில்லை. அவர் உரிமை பெற்றது புழுக்குதல் என்னும் வழக்கத்துக்கன்று, அதை ஆலையில் செய்வதற்கு அவர் வகுத்த வழிக்கு. மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தார், நாட்கணக்கில் தண்ணீரில் ஊறி நாற்றமெடுக்கும் பழைய முறைக்குப் பதிலாகச் சுமார் 70 டிகிரி வெந்நீரில் மூன்று நான்கு மணி நேரத்தில் ஊறவைக்கும் முறையை வகுத்து ஆலைகளில் பரப்பினார்கள். முன்பே உலகம் அறிந்த ஒன்றை எவரும் பேடெண்டு என்று வேலியடைத்துக் கொள்ள முடியாது. மேலும், நம் சட்டத்தின் 3 ஆவது பிரிவு பயிரிடும் முறைகளுக்கும் பரம்பரை அறிவுக்கும் பேடெண்டு கிடையாதென்று வெளிப்படையாகவே விலக்கியிருக்கிறது. உலர்த்தும் யந்திரம் இவ்விலக்கில் வராது. களத்தில் நெல்லைக் கிளறி உலர்த்தும் முறை வரும்.

நம்மைப் போலவே மழையில் அறுப்புச் செய்ய நேரும் தேசம் வியட்நாம். அங்கே மேகாங் நதியின் டெல்டாவில் கோடைப் பயிர் மழைக்காலத்தில் கைக்கு வருகிறது. 1980 களில் அங்கே பரவத் தொடங்கிய உலர்த்துமேடை மிக எளியது. செங்கல் கட்டிய தொட்டி, தரைக்கு மேலே ஒரு பொய்த்தளமாகத் துளைத் தகடு, அதன்மேல் ஓரடி கனத்துக்கு நெல், பக்கத்தில் உமி எரியும் உலை, நடுவே விசிறி. ஒரு தடவைக்குச் சில டன் நெல். ஏறக்குறைய ஒரு பகல் அல்லது ஓர் இரவு வேலை. உள்ளூர்க் கொத்தனும் கொல்லனும் சேர்ந்து கட்டக்கூடியது. இதனைச் செய்ய எவருக்கும் கட்டணம் செலுத்த வேண்டியிருக்கவில்லை. அவ்வாறே பிலிப்பைன்ஸ் தேசத்திலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையமும் தான் அமைத்த உலர்த்திகளின் வரைபடங்களைப் பட்டறைகளுக்கு இலவசமாய்க் கொடுத்து வந்தது. மேகாங் டெல்டாவில் ஆயிரக்கணக்கான மேடைகள் எழுந்தன. ஒருவர் கட்டி, ஊரார் நெல்லையும் கூலிக்கு உலர்த்திக் கொடுப்பது அங்கே ஒரு ஜீவனமாயிற்று. குறை இல்லாமலில்லை. அடியிலுள்ள நெல் அதிகம் உலரும், மேலுள்ளது ஈரமாய் நிற்கும். பாதியில் ஒரு முறை புரட்டிவிட ஆள் வேண்டும். ஆயினும் ஐந்தாறு பேர் சேர்ந்து தொடங்கும் கூட்டு முயற்சிக்கு இவ்வகையே முதலில் ஆலோசிக்கத்தக்கது; உயரமான பெட்டி யந்திரம் ஆலைக்கும் பெரிய சங்கத்துக்கும் ஏற்றது.

எந்த யந்திரமாயினும், விற்பவர் சொல்லும் அளவைச் சரிபார்க்கச் சிறிது கணக்குத் தெரிந்திருந்தால் போதும். ஒரு டன் நெல்லை 22 ஈரத்திலிருந்து 17 க்கு இறக்கினால் நீங்கும் தண்ணீர் சுமார் 60 கிலோ; 24 இலிருந்து 14 க்கு இறக்கினால் சுமார் 116 கிலோ. ஒரு மணிக்கு எத்தனை டன் என்று மட்டும் சொல்லி, எந்த ஈரத்திலிருந்து எந்த ஈரத்துக்கு என்று சொல்லாத விளம்பரத்தை நம்பலாகாது. 19 ஐ 17 ஆக்குவதும் 24 ஐ 14 ஆக்குவதும் ஒரே வேலையல்ல. இக்கணக்கின் மறுபக்கமும் உண்டு. 17 க்கு விற்கப்போகும் நெல்லை 12 வரை காய வைத்தால் டன்னுக்கு ஏறக்குறைய 57 கிலோ எடை குறைகிறது; அதற்குச் செலவான எரிபொருள் வேறு. ஆகவே ஈரமானி ஒன்று யந்திரத்தோடு கூடவே இருந்தாக வேண்டும். கையால் கடித்துப் பார்ப்பது போதாது. மாதக்கணக்கில் சேமித்து வைக்க 14, விதைக்கு 12 என்பன வேறு. விதை நெல்லுக்குக் காற்றின் உஷ்ணம் 43 டிகிரியைத் தாண்டலாகாது. தாண்டினால் பார்வைக்கு நெல் நன்றாயிருக்கும், முளைப்பு இராது.

சூடில்லாத வெறும் காற்றை ஊதினால் போதும் என்பாருமுண்டு. வறண்ட மாதத்தில் அது மெய். மழைநாளில் காற்றின் ஈரம் நூற்றுக்கு 90 என்றிருக்கையில் அதை எத்தனை நேரம் ஊதினாலும் நெல் 17 க்கு வருவதே கஷ்டம். அதே காற்றை 28 டிகிரியிலிருந்து 40 க்குச் சூடாக்கினால் அதன் ஈரம் நூற்றுக்கு 46 அளவுக்கு இறங்கி, தண்ணீரை ஏற்கும் சக்தி பெறுகிறது. இச்சூட்டுக்கு உமியே போதும். ஒரு டன் நெல்லைக் குத்தினால் ஏறக்குறைய 200 கிலோ உமி கிடைக்கும். அந்த ஒரு டன்னை 24 இலிருந்து 14 க்கு உலர்த்த, உலையில் பாதி உஷ்ணம் வீணானாலும் 40 கிலோ உமிக்கு அதிகம் செல்லாது. ஆனால் உமி ஆலையில் இருக்கிறது, ஈர நெல் களத்தில் இருக்கிறது. ஏற்றிவரும் கூலியையும் கணக்கில் சேர்த்த பின்பே உமி மலிவா டீஸல் மலிவா என்று தீர்மானிக்க வேண்டும். புகை நேராக நெல்லிற் படும் உலைகளில் நாற்றமும் சாம்பலும் ஏறும். டேவிட்ஸன் கச்சாரில் கண்டு விலக்கிய தொல்லை அது.

இனி, தாள்களின் விஷயம். "பேடெண்டுக்கு மனுச் செய்யப்பட்டிருக்கிறது" என்பதற்கும் "பேடெண்டு பெற்றது" என்பதற்கும் மிகுந்த வித்தியாசம். மனு எவரும் செய்யலாம், நிராகரிக்கப்படுவனவும் பல. டிசைன் ரிஜிஸ்டர் என்பது வெளித் தோற்றத்துக்கு மட்டும் உரியது, டிரேட் மார்க் பெயருக்கும் குறிக்கும் மட்டும் உரியது, இரண்டும் பேடெண்டல்ல. பெற்ற பேடெண்டும் மூன்றாவது வருஷம் முதல் வருஷந்தோறும் கட்டணம் செலுத்தாவிடில் செத்துப்போகும். ஒரு தேசத்தில் பெற்ற பேடெண்டு அத்தேசத்தில் மட்டுமே செல்லும். அமெரிக்க எண்ணை மட்டும் அச்சிட்டுக் காட்டுபவருக்கு இங்கே தடுக்கும் உரிமை இல்லை. எண் எதுவென்று கேட்டு வாங்கி, காப்புரிமை அலுவலகத்தின் இணையத் தளத்தில் கட்டணமின்றித் தேடிப் பார்க்கலாம். கணினி வைத்திருக்கும் கிராம நிர்வாக அலுவலருக்கு இது கால்மணி நேரத்து வேலை. இல்லாத பேடெண்டை உண்டென்று சொல்லி விற்பது சட்டப்படி தண்டத்துக்குரியது. உண்மையில் உயிருள்ள பேடெண்டு இருந்தாலோ, அதன் நகலை அனுமதியில்லாத பட்டறையில் மலிவாய் வாங்கி உபயோகிப்பவரும் பொறுப்பாளியாகக் கூடும் என்பதைச் சங்கங்கள் மறக்கலாகாது.

யந்திரத்தின் குணத்துக்குச் சாட்சி வேண்டுமானால் கேட்க வேண்டியது பரீட்சை அறிக்கை. பண்ணை யந்திரங்களைச் சோதிக்கும் மத்திய சர்க்கார் நிலையங்கள் மத்தியப் பிரதேசத்துப் புத்னியிலும், ஆந்திராவில் அனந்தபூரை அடுத்த கார்லதின்னேயிலும், இன்னும் சில இடங்களிலும் இருக்கின்றன. அத்தகைய அறிக்கை இல்லையென்றால், முன்பே வாங்கியவரின் களத்துக்குப் போய், மழைநாளில், தம் நெல்லில் ஒரு டன்னைக் கொடுத்து உலர்த்தி, அதில் ஒரு மூட்டையை ஆலையில் அரைத்து நொய் எவ்வளவு என்று பார்த்து வருவது அறிவுடைமை. வெயில் நாளில் காட்டப்படும் பரீட்சை பரீட்சையாகாது.

உள்ளூர்க் கருமார்களும் படித்த இளைஞர்களும் இத்தகைய மேடைகளில் புதுமை ஏதேனும் செய்ய நேர்வதுண்டு. நெல்லைப் புரட்ட ஆளில்லாமல் காற்றின் திசையை மாற்றிவிடும் ஏற்பாடு, உமியை அளவாய் உலைக்குள் தள்ளும் ஏற்பாடு போன்றவை. அவர்கள் ஒன்றை அறிந்திருத்தல் வேண்டும். பொதுஜனங்களுக்குக் காட்டிவிட்ட பிறகு மனுச் செய்தால், புதியதன்று என்று அது தள்ளப்படலாம். சர்க்கார் இதற்கென்று அறிவித்த கண்காட்சிகளுக்கு மட்டும் 12 மாத விலக்கு உண்டு. ஆகவே ஊர்த் திருவிழாவிலோ பத்திரிகையிலோ வெளிப்படுத்துமுன், தற்காலிக விவரணம் ஒன்றைச் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் தாக்கல் செய்து தேதியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பூரண விவரணம் கொடுக்க அதிலிருந்து 12 மாதம் அவகாசம் இருக்கிறது. தனி நபர்களுக்குக் கட்டணம் கம்பெனிகளுக்குள்ளதைவிடக் குறைவு. எழுதிக் கொடுக்கத் தெரியாதவர்களுக்கு, 2000 ஆம் வருஷத்தில் குஜராத்தில் ஏற்பட்ட தேசியக் கண்டுபிடிப்பு நிறுவனம், கிராமத்தாரின் கண்டுபிடிப்புகளை ஆராய்ந்து பேடெண்டு பெறவும் உதவி செய்து வருகிறது.